செக்‌ஷன் 8 வவுச்சரை வைத்து வீடு பிடிப்பது: கணக்கு, படிவம், ஆய்வு

கேள்வி இது: அமெரிக்காவில் குறைந்த வருமானக் குடும்பங்களின் வாடகையில் ஒரு பகுதியை அரசு கட்டுவதற்கான செக்‌ஷன் 8 வவுச்சர் கைக்கு வந்துவிட்டது. 60 நாள் கெடு. எவ்வளவு வாடகை வரை பார்க்கலாம் என்று தெளிவாகத் தெரியவில்லை, வீட்டுக்காரர்களோ வவுச்சர் என்றதும் பின்வாங்குகிறார்கள். கெடுவுக்குள் எப்படி முடிப்பது?

முதலில் கணக்கைப் போடுங்கள், அப்புறம் வீடு தேடுங்கள். ஆண்டுக்கணக்கில் வரிசையில் காத்திருந்து வவுச்சர் வாங்கியவர்கள் அதை வெறுங்கையோடு திருப்பிக் கொடுக்க நேர்வது உண்மையிலேயே நெஞ்சை அறுக்கும் விஷயம். வாடகை வீட்டுத் தட்டுப்பாடும் மறுக்கும் வீட்டுக்காரர்களும் உங்கள் கையில் இல்லை. ஆனால் வவுச்சர் தரும் உள்ளூர் அமைப்பான ஹவுசிங் அத்தாரிட்டி ஒப்புக்கொள்ளவே முடியாத வாடகையுள்ள வீட்டுக்குப் பின்னால் இரண்டு வாரம் அலைவதும், அரைகுறையாக நிரப்பிய படிவத்தால் இன்னும் இரண்டு வாரம் போவதும் நீங்கள் தடுக்கக்கூடியவை.

திட்டத்தின் அமைப்பு சுருக்கமாக. பணம் மத்திய அரசின் வீட்டுவசதித் துறையான 'ஹட்' தருகிறது. நடத்துவது உள்ளூர் ஹவுசிங் அத்தாரிட்டிகள். நாடு முழுக்க 2,000-க்கும் மேல் இருக்கின்றன. மத்திய விதி ஒன்றுதான் என்றாலும், அந்த விதி விட்டுவைத்திருக்கும் இடங்களில் ஒவ்வொரு அத்தாரிட்டியும் தன் முடிவை எழுதி வைத்திருக்கும். 'அட்மினிஸ்ட்ரேடிவ் பிளான்' என்பது அதன் பெயர். பொது ஆவணம், பெரும்பாலும் இணையதளத்திலேயே கிடைக்கும். கெடு நீட்டிப்பு, விருந்தினர் தங்கும் நாள், வருமான மாற்றத்தைச் சொல்ல வேண்டிய காலம் எல்லாம் அதில்தான். பக்கத்து ஊர்க்காரர் சொன்னதை நம்பி நடக்காதீர்கள், அவருடைய அத்தாரிட்டி வேறு.

இனி கணக்கு. மூன்று எண்கள் தேவை, மூன்றையும் வவுச்சர் தரும் நாளிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலாவது, கழிவுகள் போக உங்கள் மாத வருமானம். குழந்தைகள், முதியோர், சில மருத்துவ, குழந்தைப் பராமரிப்புச் செலவுகளுக்கான கழிவுகளை அவர்களே கணக்கிட்டிருப்பார்கள். இரண்டாவது, உங்கள் வவுச்சர் அளவுக்கான 'பேமென்ட் ஸ்டாண்டர்ட்', அதாவது உதவித்தொகையைக் கணக்கிடும் உச்சவரம்பு. ஹட் ஆண்டுதோறும் அக்டோபரில் அமலுக்குக் கொண்டுவரும் 'ஃபேர் மார்க்கெட் ரென்ட்' என்ற தொகையில் 90 முதல் 110 சதவீதத்துக்குள் இதை அத்தாரிட்டி வைக்கலாம். பல நகரங்களில் இது ஜிப் கோடுக்கு ஜிப் கோடு மாறும். மூன்றாவது, 'யுடிலிட்டி அலவன்ஸ்' அட்டவணை: மின்சாரம், கேஸ், தண்ணீர் போன்றவற்றில் எதற்கு நீங்கள் பணம் கட்டுகிறீர்களோ அதற்கெல்லாம் அத்தாரிட்டி மதிப்பிட்டு வைத்திருக்கும் மாதத் தொகை.

அத்தாரிட்டியின் கண்ணில் வாடகை என்றால் வீட்டுக்காரர் கேட்கும் தொகையோடு இந்த அலவன்ஸையும் சேர்த்ததுதான். அதை மொத்த வாடகை என்று வைத்துக்கொள்வோம். உங்கள் அடிப்படைப் பங்கு பெரும்பாலும் கழிவு போன மாத வருமானத்தில் 30 சதவீதம். மொத்த வாடகை பேமென்ட் ஸ்டாண்டர்டைத் தாண்டினால் தாண்டிய தொகையும் உங்கள் தலையில். ஆனால் புது வீட்டுக்குள் நுழையும்போது, அப்படித் தாண்டும் வீட்டுக்கு, உங்கள் பங்கு அந்த வருமானத்தில் 40 சதவீதத்தைக் கடக்கக் கூடாது. கடந்தால் நீங்கள் கட்டத் தயார் என்றாலும் அத்தாரிட்டி அனுமதிக்காது. வீடு கைநழுவுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஒரு எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக மட்டும். கழிவு போன மாத வருமானம் 2,800 டாலர். 30 சதவீதம் 840, 40 சதவீதம் 1,120. இரண்டு படுக்கையறைக்குப் பேமென்ட் ஸ்டாண்டர்ட் 2,000. அத்தாரிட்டி தரக்கூடிய அதிகபட்சம் 2,000-இல் 840 போக 1,160. அதோடு நீங்கள் தரக்கூடிய அதிகபட்சமான 1,120-ஐக் கூட்டினால் 2,280. மொத்த வாடகையின் எல்லை அதுதான். மின்சாரம், கேஸ், தண்ணீர் எல்லாம் உங்கள் பொறுப்பு, அலவன்ஸ் 180 என்றால், வீட்டுக்காரர் கேட்கும் வாடகை 2,100-க்குள் இருக்க வேண்டும்.

2,150 கேட்கும் வீடு பிடித்துவிட்டது என்று வையுங்கள். மொத்தம் 2,330, உங்கள் பங்கு 1,170, எனவே விழுந்துவிடும். இங்கே விட்டுவிடாதீர்கள். 50 டாலர் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். அவர் வாடகையைத் தொட மாட்டேன் என்றால், ஹீட்டிங்கையும் தண்ணீரையும் வாடகைக்குள் சேர்த்துத் தருவாரா என்று கேளுங்கள். அலவன்ஸ் 180-இலிருந்து 60 ஆகக் குறைந்தால் மொத்தம் 2,210. அதே வாடகையில் கணக்கு நின்றுவிடும். ஒரே பாய்லரில் முழுக் கட்டடத்துக்கும் சூடு போகும் பழைய கட்டடங்களில் வீட்டுக்காரர்கள் இதற்குச் சுலபமாக இசைவார்கள், அந்தச் செலவு எப்படியும் அவர்களுடையதுதான்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். வாடகை 1,600, அலவன்ஸ் 180 என்றால் மொத்தம் 1,780. உங்கள் பங்கு அப்போதும் 840-தான், அத்தாரிட்டியின் பங்குதான் குறையும். பேமென்ட் ஸ்டாண்டர்டுக்குக் கீழே எவ்வளவு மலிவான வீட்டை எடுத்தாலும் உங்கள் செலவு இறங்காது. வாடகை குறைவு என்பதற்காக மட்டும் பள்ளியும் பஸ்ஸும் சரியில்லாத பகுதிக்குப் போகாதீர்கள். பேமென்ட் ஸ்டாண்டர்ட் வரை உள்ள இடம் முழுவதும் உங்களுக்காக வைக்கப்பட்டதுதான். ஜிப் கோடு வாரியாகத் தொகை மாறும் ஊரானால், உயர்ந்த தொகை உள்ள பகுதிகளை முதலில் பாருங்கள்.

படுக்கையறை எண்ணிக்கையிலும் ஒரு குழி உண்டு. வவுச்சரில் எழுதிய அளவு, நீங்கள் எடுக்கும் வீட்டின் அளவு, இரண்டில் எது சிறியதோ அதன் பேமென்ட் ஸ்டாண்டர்ட்தான் கணக்கில் வரும். இரண்டறை வவுச்சரில் மூன்றறை வீடு எடுக்கலாம், ஆனால் தொகை இரண்டறைக்கே. மூன்றறை வவுச்சரில் இரண்டறை எடுத்தால் தொகையும் இரண்டறைக்கு இறங்கும். வீட்டில் மாற்றுத்திறனாளி இருந்து, கருவிகளுக்கோ உடன் தங்கும் உதவியாளருக்கோ தனி அறை தேவைப்பட்டால், மருத்துவர் கடிதத்தோடு 'ரீசனபிள் அக்காமடேஷன்' (மாற்றுத்திறனுக்காக விதியைத் தளர்த்தித் தருவது) என்று எழுதிக் கேளுங்கள். தகுந்த வீடு கிடைக்கவில்லை என்றால் பேமென்ட் ஸ்டாண்டர்டை ஃபேர் மார்க்கெட் ரென்ட்டில் 120 சதவீதம் வரை உயர்த்தித் தரவும் அத்தாரிட்டிக்கு அதிகாரம் உண்டு. கேட்காமல் யாரும் தரமாட்டார்கள்.

வீட்டுக்காரர்கள் மறுப்பதற்கு வருவோம். 1968-ஆம் ஆண்டின் ஃபேர் ஹவுசிங் சட்டம் இனம், நிறம், மதம், பிறந்த நாடு, பாலினம், மாற்றுத்திறன், குழந்தைகள் உள்ள குடும்பம் ஆகியவற்றின் பேரில் மறுப்பதைத் தடுக்கிறது. வவுச்சர் அந்தப் பட்டியலில் இல்லை. வவுச்சருக்குப் பாதுகாப்பு உண்டா என்பது உங்கள் மாநிலச் சட்டத்தையோ நகரச் சட்டத்தையோ பொறுத்தது. கலிஃபோர்னியாவில் 2020 ஜனவரி முதல் வவுச்சர் என்பதற்காக மறுப்பது சட்டவிரோதம். 'வாடகையைப் போல் மூன்று மடங்கு வருமானம் வேண்டும்' என்ற நிபந்தனையை வைத்தால்கூட உங்கள் பங்கை வைத்துத்தான் அதைக் கணக்கிட வேண்டும். நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ், வாஷிங்டன் மாநிலங்களிலும் வவுச்சருக்குப் பாதுகாப்பு இருக்கிறது. டெக்சஸில் நிலைமை நேரெதிர்: நகரங்கள் இப்படிச் சட்டம் போடுவதையே 2015-இல் மாநிலம் தடுத்துவிட்டது. ஆனால் வரிச் சலுகை பெற்றுக் கட்டிய 'டாக்ஸ் கிரெடிட்' குடியிருப்புகள் எந்த மாநிலத்தில் இருந்தாலும் வவுச்சருக்காக மட்டும் ஒருவரை மறுக்க முடியாது. அந்தக் கட்டடங்களில் வாடகைக்கும் உச்சவரம்பு இருப்பதால் பேமென்ட் ஸ்டாண்டர்டுக்குள் அடங்குவதற்கு வாய்ப்பு அதிகம். உங்கள் பகுதியில் அவற்றின் பட்டியலை ஹட் தளத்தில் எடுத்து, ஒவ்வொன்றாக அழைத்துக் காலி இருக்கிறதா என்று கேளுங்கள். கெடு நெருக்கும்போது நான் முதலில் கைகாட்டும் இடம் இதுதான்.

சட்டம் இல்லாத ஊரில் வீட்டுக்காரரின் கவலையைப் புரிந்துகொண்டு பேசுவதுதான் வழி. அவர்கள் பெரும்பாலும் அஞ்சுவது இரண்டு விஷயங்களுக்கு: ஆய்வு முடியும்வரை வீடு வாடகையின்றிக் கிடக்கும், அத்தாரிட்டியின் முதல் பணம் வரத் தாமதமாகும். இரண்டும் நியாயமான கவலைகள், மழுப்ப வேண்டாம். 'முதல் தொகை வர ஒரு மாதம் போல ஆகலாம். வந்தபின் உங்கள் கணக்குக்கே மாதாமாதம் நேரடியாக வரும். என் பங்கு இவ்வளவு' என்று எண்ணோடு சொல்லுங்கள். வவுச்சர் நகல், நிரப்பத் தயாரான படிவம், முந்தைய வீட்டுக்காரரின் கடிதம், அத்தாரிட்டியில் வீட்டுக்காரர்களுக்கென்று உள்ள தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருங்கள். விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே வவுச்சர் பற்றிச் சொல்லிவிடுங்கள். ஐந்து இடத்தில் கட்டினால் அதிலேயே கணிசமான பணம் போய்விடும். கேள்வியைக் குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ கேட்டால் மறுப்பும் எழுத்தில் இருக்கும். சட்டம் உள்ள ஊரில் அதுதான் உங்கள் சான்று. ஃபேர் ஹவுசிங் சட்டப்படியான புகாரை ஹட்டுக்கு ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும். மாநிலக் கெடு தனி.

உங்கள் நடத்தையையும் வாடகை வரலாற்றையும் சரிபார்ப்பது வீட்டுக்காரரின் வேலை, அத்தாரிட்டி அதற்கு உத்தரவாதம் தராது. கடன் மதிப்பெண் குறைவாக இருந்தால், கலிஃபோர்னியாவில் 2024 முதல் உதவித்தொகை பெறுபவர்கள் அதற்குப் பதிலாக, தங்கள் பங்கைக் கட்டும் திறனுக்கான வேறு சான்றுகளைக் கொடுக்க வீட்டுக்காரர் வாய்ப்பு அளித்தாக வேண்டும். ஒழுங்காக வாடகை கட்டிய வங்கிப் பதிவுகளைத் தயாராக வைத்திருங்கள்.

உறவினர் வீட்டை எடுக்கலாமா என்று பலர் நினைப்பார்கள். வீட்டுக்காரர் உங்கள் குடும்பத்தில் யாருக்காவது பெற்றோர், பிள்ளை, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளை, அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்றால் முடியாது. மாற்றுத்திறனாளிக்கு அந்த வீடுதான் பொருந்தும் என்று அத்தாரிட்டி ஒப்புக்கொண்டால் மட்டும் விலக்கு. சித்தப்பா, மாமா, அத்தை, அவர்களின் பிள்ளைகள் இந்தத் தடையில் வரமாட்டார்கள்.

வீட்டுக்காரர் சரி என்றதும் நிரப்ப வேண்டியது ஹட்டின் 52517 எண் படிவம், வாடகை ஒப்புதலுக்கான கோரிக்கை. அதோடு இன்னும் கையெழுத்தாகாத ஒப்பந்த நகலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். திருப்பி அனுப்பப்படும் படிவங்களில் குறை பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்கும்: எந்த யுடிலிட்டிக்கு யார் பணம் கட்டுவது, ஹீட்டிங்கும் சமையலும் வெந்நீரும் கேஸா மின்சாரமா, அடுப்பும் ஃபிரிட்ஜும் யார் தருவது என்ற கட்டங்கள் காலியாக இருக்கும், அல்லது ஒப்பந்தத்தில் எழுதியதோடு முரண்படும். வீட்டுக்காரரோடு உடன் அமர்ந்து நிரப்புங்கள். 1978-க்கு முன் கட்டிய வீடானால் ஈயப் பெயின்ட் பற்றிய அறிவிப்பும் வேண்டும். கொடுத்த தேதிக்கு ரசீதோ மின்னஞ்சல் ஒப்புகையோ வாங்கிக்கொள்ளுங்கள். படிவம் பரிசீலனையில் இருக்கும் நாள்கள் உங்கள் கெடுவில் கழியாது, கடிகாரம் நிற்கும். அந்த வீடு தேறாவிட்டால் மிச்ச நாள்கள் உங்களுக்குத் திரும்பும், ஆனால் கொடுத்த தேதிக்குச் சான்று வேண்டும்.

கெடு குறைந்தது 60 நாள் என்பது மத்திய விதி. பல அத்தாரிட்டிகள் அதற்கு மேலும் தருகின்றன. நீட்டிப்பு அவர்கள் விருப்பம். மாற்றுத்திறன் காரணமாகத் தேடல் தாமதமாகிறது என்றால் நியாயமான நீட்டிப்பைத் தர வேண்டியது அவர்கள் கடமை. பார்த்த வீடு, பேசிய தேதி, மறுத்த காரணம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். கெடு முடிவதற்கு இரண்டு வாரம் முன்பே அந்தப் பட்டியலோடு எழுத்தில் விண்ணப்பியுங்கள். முடிந்த மறுநாள் கேட்டால் கதவு அடைபட்டிருக்கும்.

அடுத்தது இரண்டு சோதனைகள். ஒன்று வாடகை நியாயமானதா என்பது. அதே பகுதியில் உதவித்தொகை இல்லாத ஒத்த வீடுகளோடு ஒப்பிடுவார்கள். உங்கள் 40 சதவீதக் கணக்குக்குள் அடங்கினாலும் இதில் தவறினால் வாடகையைக் குறைக்கச் சொல்வார்கள். வீட்டுக்காரர் சமீபத்தில் மாற்றிய சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம், கார் நிறுத்துமிடம் போன்றவற்றைப் படிவத்தோடு எழுதிக் கொடுத்தால் ஒப்பீடு சரியாக அமையும்.

மற்றொன்று நேரடி ஆய்வு. 1,250 வீடுகள் வரை நடத்தும் சிறிய அத்தாரிட்டிகள் 15 நாளுக்குள் செய்ய வேண்டும். பெரிய அத்தாரிட்டிகளுக்கு முடிந்தவரை அதே காலம். வீடு விழுவது பெரும்பாலும் சின்னச் சின்னக் குறைகளில்தான், எனவே ஆய்வாளர் வருவதற்கு முந்தைய நாள் வீட்டுக்காரரோடு ஒரு சுற்று வாருங்கள். மின்சாரம், தண்ணீர், கேஸ் இணைப்புகள் உயிரோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுப்பையும் வெந்நீரையும் சோதிக்க முடியாமல் ஆய்வு நின்றுவிடும். ஒவ்வொரு தளத்திலும் புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்ய வேண்டும். கேஸ் சாதனமோ ஒட்டிய கராஜோ இருந்தால் கார்பன் மோனாக்சைடு கருவியும் வேண்டும். 2022 டிசம்பர் முதல் இது மத்திய விதி. நான்கு படியோ அதற்கு மேலோ உள்ள படிக்கட்டில் கைப்பிடி, வெளியிலிருந்து எட்டக்கூடிய ஜன்னல்களுக்குத் தாழ்ப்பாள், உடைந்த பிளக் பாயின்ட் மூடிகள், வாட்டர் ஹீட்டரின் அழுத்த வால்விலிருந்து கீழிறங்கும் குழாய், உரிந்த பெயின்ட், எலி, கரப்பான் தடயம் ஆகியவற்றையும் பாருங்கள். 1978-க்கு முந்தைய வீட்டில் 6 வயதுக்குக் குறைந்த குழந்தை குடியேறப் போகிறது என்றால் உரிந்த பெயின்ட்டை வெறுமனே சுரண்டிப் பூசக் கூடாது, பாதுகாப்பு முறைப்படி செய்ய வேண்டும். குழந்தையின் மூளை வளர்ச்சியையே ஈயம் கெடுத்துவிடும் என்பதால் இதில் வீட்டுக்காரருக்காக விட்டுக்கொடுக்க வேண்டாம்.

ஆய்வு தேறி, அத்தாரிட்டி குடியேறும் தேதியை எழுத்தில் சொல்லும்வரை வீட்டுக்குள் போகாதீர்கள். அந்தத் தேதிக்கு முந்தைய நாள்களுக்கு அத்தாரிட்டி ஒரு டாலர்கூடத் தராது. முழு வாடகையும் உங்களிடமே கேட்கப்படும். ஒப்பந்தம் வழக்கமாகக் குறைந்தது ஓராண்டு. அதோடு ஹட்டின் குத்தகைப் பிற்சேர்க்கை இணைய வேண்டும், அது ஒப்பந்தத்தோடு முரண்பட்டால் பிற்சேர்க்கை சொல்வதே செல்லும். அத்தாரிட்டிக்கும் வீட்டுக்காரருக்கும் இடையிலான உதவித்தொகை ஒப்பந்தம் வாடகை தொடங்கி 60 நாளுக்குள் கையெழுத்தாகாவிட்டால் செல்லாது. எனவே வீட்டுக்காரர் கையெழுத்திட்டு அனுப்பினாரா என்று நீங்களே கேட்டு உறுதி செய்யுங்கள்.

டெபாசிட் உங்கள் பொறுப்பு, வவுச்சரில் அடங்காது. சில கவுன்டிகளிலும் தொண்டு நிறுவனங்களிலும் அதற்குத் தனி உதவி உண்டு. '211' என்ற எண்ணுக்கு அழைத்தால் உங்கள் பகுதியில் என்ன இருக்கிறது என்று சொல்வார்கள்.

அத்தாரிட்டி ஒப்புக்கொண்ட வாடகைக்கு மேல், 'மாதம் 100 டாலர் தனியாகக் கையில் கொடுங்கள்' என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். இது விதிமீறல். தெரிய வந்தால் வீட்டுக்காரர் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், உங்கள் வவுச்சரும் பறிபோகலாம். வீட்டை விட்டால் வேறு கிடைக்காது என்ற தவிப்பில்தான் மக்கள் இதற்கு ஒத்துக்கொள்கிறார்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் அத்தாரிட்டியிடம் போவதற்கு முன் இலவசச் சட்ட உதவி அலுவலகத்தில் பேசுங்கள்.

குடியேறிய பின் வவுச்சரை இழப்பது பெரும்பாலும் கடிதங்களைத் திறக்காததாலும் மாற்றங்களைச் சொல்லாததாலும்தான். ஆண்டு மறுபரிசீலனைக்குக் கேட்ட ஆவணங்களைத் தேதிக்குள் கொடுங்கள். வேலை போனால் உடனே எழுத்தில் சொல்லுங்கள், உங்கள் பங்கு குறையும். புதிதாக யாரையும் வீட்டில் சேர்ப்பதற்கு முன் ஒப்புதல் வேண்டும்; பிறப்பு, தத்து, நீதிமன்றம் ஒப்படைத்த குழந்தை ஆகியவற்றுக்குத் தெரிவித்தால் போதும். ஊரிலிருந்து அம்மா அப்பா விசிட்டர் விசாவில் வந்து சில மாதம் தங்குவது நம் குடும்பங்களில் சகஜம். ஆனால் விருந்தினர் தங்குவதற்குப் பல அத்தாரிட்டிகள் நாள் வரம்பு வைத்திருக்கின்றன. டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அத்தாரிட்டிக்கும் வீட்டுக்காரருக்கும் எழுதி அனுமதி வாங்குங்கள்.

குடியுரிமை நிலை பற்றியும் இதே இடத்தில் சொல்லிவிடுகிறேன். குடிமக்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள், அகதிகள், தஞ்சம் பெற்றவர்கள் தகுதியுள்ளவர்கள். இலங்கையிலிருந்து வந்து தஞ்சம் பெற்ற தமிழ்க் குடும்பங்கள் இதில் அடங்குவார்கள். ஹெச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாக்கள் அடங்காது.

வீட்டுக்காரர் பழுதுபார்க்காமல் விட்டு, அதனால் அத்தாரிட்டி அவருக்குத் தர வேண்டிய தொகையை நிறுத்தினால், அந்தப் பங்கை உங்களிடம் கேட்க அவருக்கு உரிமை கிடையாது. அது வராததைக் காட்டி உங்களை வெளியேற்றவும் முடியாது. உங்கள் பங்கை மட்டும் நாள் தவறாமல், ரசீதோடு கட்டிக்கொண்டே இருங்கள். உயிருக்கு ஆபத்தான குறைகளை 24 மணி நேரத்திலும், மற்றவற்றைப் பெரும்பாலும் 30 நாளிலும் சரிசெய்ய வேண்டும். முதல் ஒப்பந்தக் காலத்தில் அவர் வாடகையை உயர்த்த முடியாது. அதன்பின் உயர்த்துவதானால் அத்தாரிட்டிக்குக் குறைந்தது 60 நாள் முன் தெரிவிக்க வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: 40 சதவீத எல்லை நுழையும்போது மட்டும்தான். பின்னால் வரும் உயர்வு உங்கள் பங்கை அதற்கு மேலும் கொண்டுபோகலாம். எனவே எல்லையை ஒட்டிய வாடகையில் தொடங்காமல் கொஞ்சம் இடைவெளி விட்டுத் தொடங்குவது நல்லது.

வவுச்சர் அந்த ஊரோடு முடிந்துவிடுவதில்லை. அமெரிக்காவில் இந்தத் திட்டம் நடக்கும் வேறு எந்த ஊருக்கும் கொண்டுபோகலாம். நீங்கள் விண்ணப்பித்தபோது அந்த அத்தாரிட்டியின் எல்லைக்குள் வசிக்கவில்லை என்றால் மட்டும், முதல் 12 மாதம் அங்கேயே இருக்கச் சொல்லலாம். போகும் ஊரின் பேமென்ட் ஸ்டாண்டர்டும் வவுச்சர் அளவு விதியும்தான் அங்கே பொருந்தும், எனவே அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக் கணக்கை மறுபடி போடுங்கள். புதிய அத்தாரிட்டி தரும் வவுச்சரின் கெடு, பழைய வவுச்சர் முடியும் தேதிக்குப் பின் குறைந்தது 30 நாள் வரை இருக்கும். இருக்கும் வீட்டைக் காலி செய்யும் நோட்டீஸை வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் அன்றே அதன் நகலை அத்தாரிட்டிக்கும் கொடுத்து, முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.